மஞ்சளாகும் கொக்கும் வெடிக்கும் கடலும்: திருகோணமலைக் காற்றில் தைலவண்ண ஓவியக் கோளாறுகள்

ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் கழிந்த கையோடு என் வீட்டு விறாந்தைக்குப் படங்கள் வந்து சேரத் தொடங்கும். மாரி முழுவதும் பூட்டிய அறையில் கிடந்தவை, கடலைப் பார்த்த சுவரில் தொங்கியவை, கார்த்திகையில் வரைந்து மார்கழி முடிந்தும் காயாதவை. கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் என்னைப் போலவே கொக்கும் ஆலாவும் வள்ளமும் நீரும் வரைபவர்கள். கோளாறுகளும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அவையேதான். திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கைக்கு வந்த முறையை இங்கே எழுதுகிறேன். உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேரே போங்கள். செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியது கடைசியில் வரும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு விடயங்கள். படத்தை நேர் வெயிலில் வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கோளாறு கெடுத்த படங்களைவிட அவசர வைத்தியம் கெடுத்த படங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: வாரக்கணக்கில் காயவில்லை, தொட்டால் ஒட்டுகிறது

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். வாடைக் காற்றும் மழையும் இருக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் எல்லாமே மெதுவாகத்தான் காயும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் ஒரு வாரத்தில் காயும் அதே வெள்ளை, மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரம் எடுப்பது நோயல்ல.

அடுத்து, எந்த இடம் ஒட்டுகிறது என்று பாருங்கள். படத்தின் ஓரத்தில், சட்டம் மறைக்கும் பகுதியில், சிறு பஞ்சுத் துணுக்கை வைத்து எடுங்கள். இழை ஒட்டிக்கொண்டால் அந்த இடம் இன்னும் ஈரம். பிறகு ஒவ்வொரு நிறத்திலும் இதையே செய்யுங்கள்.

சில நிறங்களில் மட்டும் ஒட்டினால்: அந்த நிறங்களின் இயல்பு அது. ஐவரி கறுப்பு, அலிசரின் சிவப்பு, காட்மியம் சிவப்பு, டைட்டானியம் வெள்ளை எல்லாம் சோம்பேறிகள். அம்பர் மண்ணிறங்கள் ஒன்றிரண்டு நாளில் காய்ந்துவிடும். வள்ளத்தின் அடிப்பாகம் காய்ந்து, அதன் மேல் நிற்கும் கொக்கு மட்டும் ஒட்டுகிறதென்றால் கவலை வேண்டாம். காற்றோட்டமும் பகல் வெளிச்சமும் உள்ள இடத்துக்குப் படத்தை மாற்றி மூன்று வாரம் பொறுங்கள். இருட்டறையில் தைலவண்ணம் காய மறுக்கும். மின்விசிறி உதவும். அடுப்புச் சூடும் முடியுலர்த்தியும் உதவாது. அவை மேல்தோலை மட்டும் இறுக்கி உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும்.

தடித்த இடங்களில் மட்டும் ஒட்டினால்: நுரை காட்டவென்று அலைமுகட்டில் கத்தியால் அப்பிய வெள்ளை இது. மேலே சுருக்கம் விழாதவரை விட்டுவிடுங்கள். சுருக்கம் விழுந்துவிட்டால் அந்தத் திட்டைக் கத்தியால் வழித்தெடுத்து, பின்னர் இரண்டு மெல்லிய அடுக்குகளாகப் போடுவதே வழி.

படம் முழுவதும், மாதம் கடந்தும் ஒட்டினால்: எந்த எண்ணெயைக் கலந்தீர்கள் என்று உங்களையே நேர்மையாகக் கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய் கடையில் கிடைக்காத நாளில் சமையலறைத் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கலந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் காயும் எண்ணெய் அல்ல. அது நாளைக்கும் காயாது, பத்து ஆண்டு கழித்தும் காயாது. நல்லெண்ணெயையும் இதற்கு நம்ப முடியாது. கராம்பு எண்ணெயின் சில துளிகள்கூடக் காய்வதை நாட்கணக்கில் தள்ளிப்போடும். வண்ணம் விரைவில் காயக்கூடாது என்று சிலர் வேண்டுமென்றே அதைச் சேர்ப்பதுண்டு. கராம்பு என்றால் பொறுக்கலாம். தேங்காய் எண்ணெய் என்றால் வழித்து எறிந்துவிட்டுப் புதிய கன்வஸில் தொடங்குங்கள். மனம் வலிக்கும், ஆனால் அதன் மேல் எதைப் பூசினாலும் அதுவும் நிலைக்காது.

உலர்த்தி மருந்துகளை நான் பரிந்துரைப்பதில்லை. அளவு மிஞ்சினால் இன்றைக்கு ஒட்டும் படம் நாளைக்கு வெடிக்கும்.

இந்த இடத்திலேயே ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்தச் சுருளுக்குள் சூடு ஏறி, நெருப்பில்லாமலே தானாகப் பற்றி எரியும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரத்தில் போடுங்கள். இல்லையேல் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

அறிகுறி: படத்தின் மேல் வெண்படலம், சாம்பல் புள்ளிகள், கறுப்புப் புள்ளிகள்

தையில் வரும் படங்களில் இந்தக் கோளாறுதான் முந்திக்கொள்ளும். மூன்று வேறு விடயங்கள் ஒரே முகத்துடன் வருவதால் மருந்தைத் தொடுமுன் பிரித்தறிய வேண்டும். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

புள்ளிகள் சிறு பஞ்சு போல மேலெழுந்து, வட்டவட்டமாகப் பரவி, படத்தின் பின்புறத்திலும் இருந்து, பழைய அலுமாரியின் மணம் வீசினால் அது பூஞ்சணம். வார்னிஷ் பூசிய இடங்களில் மட்டும் நீலம் கலந்த வெண்பனி போல ஒரே சீராகப் படர்ந்திருந்தால் அது ஈரம் வார்னிஷில் ஏற்படுத்திய பூப்பு. கடலைப் பார்த்த சன்னலுக்கு அருகே தொங்கிய படத்தில், கையால் தடவினால் நறநறவென்று இருந்தால் அது உப்பும் மணல் தூசியும்.

உப்புத் தூசிதான் இலகு. படம் நன்றாகக் காய்ந்ததா என்று உறுதிசெய்துகொண்டு, மென்மையான அகன்ற தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் மணல் வண்ணத்தைக் கீறும். உப்பை விட்டுவைக்கவும் கூடாது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூஞ்சணத்துக்கு வாசல் திறக்கும்.

பூஞ்சணம் என்றால் முதலில் அந்தப் படத்தை மற்றப் படங்களிடமிருந்து பிரியுங்கள். சட்டத்தைக் கழற்றுங்கள். நிழலான, காற்று ஓடும் விறாந்தையில் முன்னும் பின்னும் காற்றுப் படும்படி ஒரு வாரம் நிறுத்துங்கள். மின்விசிறியை நேராகப் படத்தின் மேல் திருப்ப வேண்டாம், வித்துகள் வீடு முழுவதும் பறக்கும். பஞ்சு போலிருந்தது உலர்ந்து தூளாக மாறிய பிறகு, முகக்கவசம் அணிந்து, படத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மென்தூரிகையால் தட்டுங்கள். முதலில் பின்புறம், பிறகு முன்புறம். அந்தத் தூரிகையை வேறு படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். டெட்டோல், குளோரின், மண்ணெண்ணெய், எலுமிச்சைச் சாறு என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் எதுவும் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் புள்ளி கோடாகும், கோடு கறையாகும்.

பிறகு காரணத்தைத் தீருங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கு அதே இடத்தில் அது மீண்டும் முளைக்கும். இங்கே நான் பார்க்கும் காரணம் பெரும்பாலும் சுவர்தான். மழை அடிக்கும் வெளிச்சுவரில் படத்தை ஒட்டித் தொங்கவிட்டால் பின்புறம் மூச்சுவிடாது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டை ஒட்டி, படம் சுவரிலிருந்து ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் விலகி நிற்கும்படி செய்யுங்கள். செலவு மிகக் குறைவு. முடிந்தால் உட்சுவருக்கே மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், பழைய பருத்திச் சேலையே போதும்.

வார்னிஷ் பூப்புக்கு உலர்ந்த அறையில் சில நாள் வைத்து, பழைய பட்டுத் துணியால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய பூப்பு போய்விடும். போகாவிட்டால் வார்னிஷையே எடுக்க வேண்டும், அது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல.

தொழில்முறையாளரை அழைக்க வேண்டிய கட்டம்: தூளைத் தட்டிய பின்னும் கறுப்புக் கறை வண்ணத்துக்குள் தங்கியிருந்தால், அல்லது தட்டும்போது தூரிகையில் வண்ணமும் சேர்ந்து வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் பெரும்பாலும் கொழும்பில்தான் இருக்கிறார்கள். யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் ஓவிய ஆசிரியர்களிடம் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

அறிகுறி: வெண்கொக்கு மஞ்சளாகிவிட்டது

கடற்பறவை வரைபவருக்கு இதைவிடத் துயரம் தரும் கோளாறு கிடையாது. உப்புவெளி மணலில் நின்ற வெள்ளைக் கொக்கு, ஈராண்டில் பழைய தந்தம் போல ஆகிவிடும்.

சோதனை ஒன்றே போதும். சட்டத்தைக் கழற்றி, சட்டம் மறைத்திருந்த ஓரப்பட்டையையும் திறந்திருந்த பகுதியையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் வெள்ளையோ வெளிர்நிறமோ இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

மறைந்திருந்த பட்டை கூடுதல் மஞ்சள் என்றால், இருட்டு செய்த வேலை. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்தில் ஓரளவு வெளுக்கும். படம் முழுவதும் பெட்டிக்குள் அல்லது சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் கொக்கும் அப்படித்தான் மஞ்சளாகியிருக்கும். வடக்குப் பார்த்த சன்னலருகே, நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். பாதி வெண்மையாவது திரும்பி வரும். இந்த வைத்தியத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

திறந்த பகுதி கூடுதல் மஞ்சள் அல்லது பழுப்பு என்றால், அழுக்கு. சாமிப்படத்துக்கு அருகே தொங்கியதா? சாம்பிராணிப் புகையும் எண்ணெய் விளக்குப் புகையும் மெல்லிய பழுப்புத் தோலாகப் படியும். பஞ்சு முனையை வாயில் நனைத்து, மறைவான மூலையில் நகக்கண் அளவு இடத்தில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் பழுப்பு வந்து, அடியில் வெண்மை தெரிந்தால் அழுக்குத்தான். நிறம் வந்தால் நிறுத்துங்கள். கொக்கின் முகத்தில் ஒருபோதும் தொடங்காதீர்கள்.

இரண்டு பகுதியும் ஒன்றுபோல மஞ்சள் என்றால், வெள்ளையில் எண்ணெயை அதிகம் கலந்திருக்கிறீர்கள், அல்லது மேலே பூசிய வார்னிஷ் பழுத்திருக்கிறது. முதலாவதற்கு மருந்து அடுத்த படத்தில்தான்: வெள்ளைக்குக் கூடுதல் எண்ணெய் சேர்க்க வேண்டாம், குழாயில் வருவதே போதும். குசும்பா எண்ணெயில் அரைத்த வெள்ளைகள் குறைவாகத்தான் மஞ்சளாகும். ஆனால் அவை இன்னும் மெதுவாகக் காயும், படலமும் சற்று வலுக்குறைந்தது. ஆகவே அவற்றைக் கடைசி அடுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் பழுத்திருந்தால் வல்லுநரிடம் கொடுங்கள்.

அறிகுறி: வள்ளத்தின் கரிய பகுதி மங்கிச் சாம்பலாகிவிட்டது

வரைந்த அன்று ஈரமாகப் பளபளத்த வள்ளத்தின் அடிப்பாகம் ஒரு வாரத்தில் கரிப்பொடி போல ஆனால், கீழ் அடுக்கு எண்ணெயைக் குடித்துவிட்டது. விரலால் ஒரு சொட்டு டர்பன்டைன் தொட்டு வையுங்கள். பழைய ஆழம் கணநேரம் திரும்பினால் வண்ணம் கெடவில்லை. தொடுகைக்குக் காய்ந்ததும், ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சமஅளவு கலந்து, மங்கிய இடத்தில் மட்டும் மெல்லப் பூசி, பத்து நிமிடத்தில் பஞ்சுத் துணியால் துடைத்தெடுத்துவிடுங்கள். மினுங்கும் அளவுக்கு விட்டுவைத்தால் பின்னர் மஞ்சளாகும். ஒவ்வொரு படத்திலும் இது நிகழ்ந்தால் கன்வஸில் ஜெஸ்ஸோவை, அதாவது வண்ணத்துக்கு முன் போடும் வெள்ளை அடிப்பூச்சை, இன்னொரு முறை பூசுங்கள்.

அறிகுறி: கன்வஸ் தொய்ந்து அலையாடுகிறது

மழைக்காலத்தில் தொய்ந்தால் விட்டுவிடுங்கள். வைகாசி வரை பொறுத்திருங்கள். பெரும்பாலும் தானே இறுகும். மார்கழியில் மூலை ஆப்புகளை (மரச்சட்டத்தின் உள்மூலைகளில் செருகும் சிறு மரத்துண்டுகளை) அடித்து இறுக்கிய படம், கச்சான் வந்ததும் அளவுக்கு மீறி விறைத்து மூலைகளில் வெடிக்கிறது. வறண்ட காலத்திலும் தொய்ந்திருந்தால் நான்கு மூலை ஆப்புகளையும் சிறு சுத்தியலால் ஒன்றுபோல, மெல்லத் தட்டுங்கள். பின்புறம் தண்ணீர் தெளித்து இறுக்கும் வழக்கம் பூஞ்சணத்துக்கு அழைப்பிதழ்.

ஆணிகளையும் பாருங்கள். கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருப்பிடித்து, சுற்றியுள்ள துணியை அரித்துவிடும். பித்தளை, செம்பு அல்லது துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே கேட்டு வாங்குங்கள். துணியே கிழியத் தொடங்கியிருந்தால் சட்டம் போடும் கடைக்காரரிடமும் கொடுக்காதீர்கள். அதற்குப் புதிய துணி ஓரம் ஒட்ட வேண்டும், அது வல்லுநர் வேலை.

அறிகுறி: கடலில் வெடிப்பு

வெடிப்பின் வடிவமே காரணத்தைச் சொல்லும்.

சிலந்திவலை போல வட்டவட்டமாக இருந்தால் பின்னாலிருந்து எதுவோ இடித்திருக்கிறது. பஸ்ஸில் கொண்டுவந்த படங்களில் இதைக் காணலாம். மூலைகளிலிருந்து சாய்ந்து ஓடும் கோடுகள் என்றால் இறுக்கம் அதிகம். மரச்சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டிய நேர்கோடு என்றால் துணி மரத்தில் உரசுகிறது. இவை மூன்றும் அசையாத வரை ஆபத்தில்லை, பின்புறத்தில் மட்டை ஒன்றைத் திருகி மூடினால் மேலும் பரவாது.

அகன்று, முதலைத்தோல் போலப் பிளந்து, இடுக்கில் கீழ்நிறம் தெரிந்தால் அடுக்குகள் தலைகீழாகப் போயிருக்கின்றன. எண்ணெய் மிகுந்த அடுக்கு காயுமுன் அதன் மேல் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய அடுக்கைப் போட்டிருக்கிறீர்கள். நீரை வரையும்போதுதான் இது நடக்கும். ஆழத்துக்கென்று கறுப்பும் நீலமும் எண்ணெயில் குழைத்துத் தடிப்பாகப் பூசி, மறுநாளே மேலே மினுமினுப்பைத் தீட்டத் தோன்றும். அந்த ஆசையை அடக்குங்கள். மெலிந்தது கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே. ஏற்கெனவே பிளந்ததை வண்ணம் பூசி நிரப்பாதீர்கள், புதிய வண்ணமும் அதே கோட்டில் பிளக்கும்.

நுரையும் முகிலும் மட்டும் சிறு தகடுகளாக எழும்பினால் வெள்ளைக் குழாயைத் திருப்பி நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.டபிள்யூ. 4 என்றால் சிங்க் வெள்ளை. எண்ணெயில் அது ஆண்டுகள் செல்லச் செல்ல நொறுங்கும் தன்மை அடைகிறது. பி.டபிள்யூ. 6 டைட்டானியம். ‘கலவை வெள்ளை’ என்று விற்பவற்றில் இரண்டும் இருக்கும்.

தகடு எழும்பிய படத்துக்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: முகம் மேலே இருக்கும்படி மேசையில் கிடத்துங்கள், நிமிர்த்தாதீர்கள், பசை தொடாதீர்கள், உதிர்ந்த துணுக்குகளைத் தாளில் மடித்து வையுங்கள், வல்லுநரை அழையுங்கள். இந்தப் பட்டியலிலேயே நாள் கடத்தக் கூடாத கோளாறு இது.

அறிகுறி: அழித்த வள்ளம் மீண்டும் தெரிகிறது

தைலவண்ணம் வயதாக ஆகக் கண்ணாடித்தன்மை கொள்ளும். மேலே பூசி மறைத்த பழைய கோடுகள் எட்டிப்பார்க்கும். தொந்தரவாக இருந்தால், காய்ந்த படத்தில் அந்த இடத்தில் மட்டும் டைட்டானியம் கலந்த நீர்நிறத்தால் மெல்லப் பூசலாம். எனக்கு அந்த நிழல் வள்ளங்கள் பிடிக்கும். என் படங்களில் நான் விட்டுவிடுகிறேன்.

அறிகுறி: வண்ணம் நன்றாக இருக்கிறது, ஆனால் வள்ளம் மிதக்கவில்லை

இதுவும் பிழைதான், இதற்கும் வரிசை உண்டு. முதலில் படத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது தலைகீழாகத் திருப்புங்கள்.

வள்ளமும் நீரும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கரிய கோடு இருக்கிறதா? இல்லாவிட்டால் வள்ளம் காற்றில் நிற்கும். ஒரு தூரிகைத் தீற்றலில் தீரும். அடுத்து நிழலுரு, அதாவது நீரில் தெரியும் பிம்பம். அது வள்ளத்துக்கு நேர் கீழே விழ வேண்டும், சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் சாயாது. சாய்வது நிழல் மட்டுமே. நீரில் தெரியும் கரியது சற்று வெளுத்தும், வெள்ளையானது சற்றுக் கறுத்தும் இருக்கும். கொக்கின் நிழலுருவைக் கொக்கின் அளவுக்கே வெள்ளையாகப் பூசியிருந்தால் பறவை தாளில் வெட்டி ஒட்டியது போல நிற்பதற்கு அதுதான் காரணம். சின்ன வெண்கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மஞ்சள் என்பதையும் அப்படியே சரிபாருங்கள்.

பிறகு அடிவானம். திருகோணமலைச் சுவாமி மலை உச்சியிலிருந்து பார்த்து வரைந்த கடலில், கரையில் நின்று பார்த்த வள்ளத்தைப் பொருத்தினால் ஒருபோதும் ஒட்டாது. உயரத்திலிருந்து பார்த்தால் வள்ளத்தின் உட்புறம் தெரிய வேண்டும். இதற்கு வள்ளத்தை மீண்டும் வரைவதைத் தவிர வழியில்லை.

சூரியனும் இடம் மாறும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, நிலத்துக்குப் பின்னே மறைகிறது. அங்கே கரையில் நின்று கடலுக்குள் சூரியன் இறங்குவதாக வரைந்த படங்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீரின் மேல் அந்திச் சிவப்பு வேண்டுமென்றால் உட்துறைமுகப் பக்கம் போய் மேற்கே பாருங்கள். நிறத்தையும் இடத்தோடு பொருத்துங்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கும் பக்கம் மாரியில் நீர் மண்ணிறம் கொள்ளும். புறாத்தீவுப் பவளத்தின் மேலுள்ள பச்சையை அங்கே பூசினால் ஊர்க்காரர் ஒருவரும் நம்பமாட்டார்.

இவ்வளவும் சரிபார்த்த பின்னும் வள்ளம் மிதக்காவிட்டால், அழைக்க வேண்டிய தொழில்முறையாளர் கடற்கரை வாடியில் வலை பொத்திக்கொண்டிருப்பார். மூதூரில் ஒரு முதியவரிடம் என் படத்தை ஒருமுறை காட்டினேன். வலையும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் வள்ளம் ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்று அவர் கேட்டார். நான்கு மாதம் நிறத்தை மாற்றி மாற்றித் தேடிய பிழை அது. நீர்க்கோட்டை இரண்டு விரல் கீழே இறக்கினேன், வள்ளம் மிதந்தது.